மாட்டை விற்றுவிட்டு, மழை வந்ததும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே?

மார்ச் 2, வாசகர் கேள்வி

"வறட்சி என்றதும் மாடு வளர்ப்பவர்கள் குடி முழுகிப் போனதுபோல் பேசுகிறார்கள். பயிர் என்றால் சரி, காய்ந்தால் போச்சு. மாட்டுக்குக் கால் இருக்கிறது, விலை இருக்கிறது. புல் இல்லையென்றால் விற்றுக் காசாக்கி வைத்துக்கொண்டு, மழை பெய்ததும் அதே காசுக்கு அதே எண்ணிக்கையை வாங்கிக்கொள்ளலாமே? நஷ்டம் எங்கே வருகிறது? நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறேன்."

மார்ச் 2, இரவு

"அதே காசுக்கு" என்று எழுதினீர்கள் பாருங்கள், சிக்கல் அங்கேதான்.

வறட்சி ஒருவர் வேலிக்குள் மட்டும் வருவதில்லை. என் புல் காயும்போது பக்கத்துப் பண்ணைப் புல்லும் காய்கிறது. நான் வண்டியில் ஏற்றும் அதே வாரம் அவரும் ஏற்றுகிறார். சந்தையில் மாடு குவியும், வாங்க ஆள் இருக்காது, விலை விழும். மழை பெய்ததும் இதுவே தலைகீழ். எல்லோருக்கும் புல் இருக்கிறது, எல்லோருக்கும் மாடு வேண்டும், விற்க ஆள் இல்லை. அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு ஆனை விலைக்கு வாங்க வேண்டும். 10 விற்ற காசில் 6 வாங்கினால் அதிர்ஷ்டம்.

மார்ச் 3, காலை

நேற்று இரவு கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன். "10 விற்ற காசில் 6" என்பது எங்கள் பண்ணையில் நடந்தது, எல்லா ஊருக்கும் பொருந்தும் விகிதம் இல்லை. ஆனால் திசை எங்கும் ஒன்றுதான்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். மாடு அப்படியில்லை. மெலிந்தாலே பாதி.

மார்ச் 5

சரி, எங்கள் கதையை எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் காற்றில் பேசுவதுபோல் இருக்கும்.

நானும் தம்பியும் கன்று சேர்க்காமல் 43 உருப்படி வைத்திருந்தோம். மழை தவறிய முதல் பருவத்தில் நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. "அடுத்த மாதம் பெய்யும்" என்றான் தம்பி. நானும் அதைத்தான் நம்ப விரும்பினேன். தீவனம் வாங்க ஆரம்பித்தோம். 450 கிலோ எடையுள்ள பசு ஒரு நாளுக்கு ஏறத்தாழ 10 கிலோ உலர்தீவனம் தின்னும். 43 மாட்டுக்கு 430 கிலோ. மாதத்துக்கு 13 டன். எழுதும்போது சின்ன எண்ணாகத் தெரிகிறது. லாரியிலிருந்து இறக்கிப் பார்த்தால்தான் தெரியும். முதல் லோடு வந்த அன்று கொட்டகை நிறைந்துவிட்டது என்று தம்பி சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினான். ஒன்பதாம் நாள் கதவைத் திறந்தால் பின்சுவர் தெரிந்தது.

ஐந்து மாதம் இப்படியே ஓட்டினோம். கையிருப்பு போய், கடன் வாங்கித் தீவனம் போட்டோம். கடைசியில் கடன்காரருக்காக 17 மாடுகளை விற்றோம். அப்போது விலை முதல் மாத விலையில் பாதிகூட இல்லை. மாட்டின் எடையும் போயிருந்தது. 6 செத்தன. மிச்சம் 20.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதுதான்.

மார்ச் 5, அரை மணி நேரம் கழித்து

6 இல்லை, 7. கணக்கில் எப்போதும் ஒன்றை விட்டுவிடுகிறேன். அது மழை வந்த பிறகு செத்தது. அதைப் பற்றிப் பிறகு. மிச்சம் 19 என்று திருத்திப் படியுங்கள்.

மார்ச் 9

"வைக்கோல் கிடைக்கிறதே, அதைப் போட்டு ஒப்பேற்றலாமே" என்று ஒருவர். போடலாம். வயிறு நிறையும், மாடு மெலியும். மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் நாரைச் செரிக்கின்றன, அவற்றுக்குப் புரதம் வேண்டும். தீவனத்தில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த வேலை மந்தமாகிவிடும். வைக்கோலில் 3, 4 சதவீதம்தான் இருக்கும். உள்ளே போனது வெளியே நகராது, அதனால் மாடு தின்பதும் குறையும். கண்முன்னே தீவனம் கிடக்க, மாடு பட்டினி கிடப்பது அப்படித்தான்.

100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைத்துப் போடலாம். நாங்களும் செய்தோம், பலன் இருந்தது. ஆனால் அளவு தப்பினால் யூரியாவே மாட்டைக் கொன்றுவிடும். உப்புக்கட்டிபோல் நக்கக் கொடுக்கும் யூரியாக் கட்டியில் மழைத்தண்ணீர் தேங்கினால் அதைக் குடித்தே மாடு சாகும். மழைக்காகத் தவம் கிடந்து, மழைத்தண்ணீரிலேயே மாட்டைப் பறிகொடுப்பது இந்தத் தொழிலில் மட்டும்தான் நடக்கும்.

மார்ச் 10

வாடிய சோளத்தைப் பற்றிக் கேட்டவருக்கு: பச்சையாக மேயவிடாதீர்கள். தண்ணீர் இல்லாமல் முழங்கால் உயரத்தில் நிற்கும் சோளத்தில் விஷம் ஏறியிருக்கும். அறுத்து நன்றாகக் காயவைத்துப் போட்டால் விஷம் போய்விடும்.

மார்ச் 11, அதிகாலை

மேலே எழுதியதை அப்படியே நம்பாதீர்கள். தூக்கம் வரவில்லை, எழுந்து வந்து திருத்துகிறேன்.

இரண்டு விஷம் இருக்கிறது. இளஞ்சோளத்திலும், அறுத்த தாளிலிருந்து மறுபடி துளிர்க்கும் மறுதாம்பிலும் வருவது சயனைடு. அது காயக்காயப் போய்விடும், நான் சொன்னது அதற்குச் சரி. இன்னொன்று நைட்ரேட். வாடிய பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சியதைப் புரதமாக மாற்ற முடியாமல் தண்டின் அடிப்பகுதியில் சேர்த்து வைத்துக்கொள்ளும். இது காயவைத்தாலும் போகாது. தட்டையிலும் அப்படியே இருக்கும். ஊறுகாய்ப்புல்லாக, அதாவது காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்துப் போட்டால் ஓரளவு குறையும். வறட்சிக்குப் பிறகு முதல் மழை பெய்த சில நாள்களில் இது இன்னும் அதிகம். தாளை உயரமாக விட்டு அறுங்கள், அடித்தண்டு வயலிலேயே நிற்கட்டும். முடிந்தால் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுப் போடுங்கள். நைட்ரேட்டில் செத்த மாட்டின் ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருக்கும், சயனைடில் செத்ததன் ரத்தம் பளிச்சென்று சிவந்திருக்கும். இரண்டையும் பார்த்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

மார்ச் 18

தண்ணீர். எல்லோரும் புல்லையே பேசுகிறோம்.

வெயில் காலத்தில் பால் கொடுக்கும் பசு நாளுக்கு 70 லிட்டர் குடிக்கும். 43 மாட்டுக்கு ஏறத்தாழ 3,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்று நான்கு நாள். தண்ணீர் குறைந்தால் மாடு தீவனத்தையும் குறைத்துக்கொள்ளும். அதனால் தண்ணீரை மிச்சம் பிடித்தால் தீவனமும் மிச்சமாகும் என்று ஒரு புத்திசாலி கணக்குப் போட்டான். அந்தப் புத்திசாலி என் தம்பி. ஒரு வாரத்தில் விட்டுவிட்டான்.

குட்டை வற்றும்போது தண்ணீரின் அளவு மட்டும் குறையவில்லை. உப்பும் சல்ஃபேட்டும் கெட்டிப்படுகின்றன. பாசி பிடிக்கிறது. நீலப்பச்சைப் பாசி படர்ந்த தண்ணீர் மாட்டைக் கொல்லும்.

அப்புறம் சேறு. விடிகாலையில் குட்டைப் பக்கம் போனேன். எங்கள் பழைய பசு, காதில் பாதி கிழிந்தது, நடுக்குட்டையில் நின்றது. நின்றது என்றா சொல்வது, வயிறுவரை சேற்றில் ஊன்றி வைத்ததுபோல் இருந்தது. தண்ணீர் நடுவில் ஒரு பாய் அளவுதான் மிச்சம். அதைத் தேடி உள்ளே போயிருக்கிறது, திரும்பி வரக் காலில் வலு இல்லை. கழுத்தில் கயிறு போட்டு இழுக்கக் கூடாது. வயிற்றுக்கு அடியில் சாக்கை மடித்துச் செருகி, அதன் மேல் கயிறு சுற்றினோம். டிராக்டர் முன்னே நகர்ந்ததும் சேறு விடாமல் பிடித்தது, பிறகு பெரிய வாய் ஒன்று முத்தம் கொடுத்ததுபோல் சத்தம். கரைக்கு வந்துவிட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தது. நான் கையில் கொண்டுபோன பிண்ணாக்கை முகர்ந்தது, தின்னவில்லை. மறுநாள் எழவில்லை.

அன்றே குட்டையைச் சுற்றி வேலி போட்டுத் தொட்டி கட்டினோம். அதை இரண்டு மாதம் முன்பே செய்திருக்கலாம்.

மார்ச் 19

ஆமாம், அது நான் சொன்ன ஏழாவது மாடு இல்லை. இது ஆறில் ஒன்று.

ஏப்ரல் 2

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: "நீங்கள் சொல்வது சின்னப் பண்ணை. பெரிய பண்ணைக்காரர்களுக்கு என்ன கவலை?"

டெக்சாஸைப் பாருங்கள். 2011இல் அங்கே வந்த வறட்சி அந்த மாநிலம் பதிவில் கண்ட மிக வறண்ட ஓராண்டு. வேளாண் நஷ்டம் மொத்தம் 762 கோடி டாலர் என்று அங்குள்ள வேளாண் விரிவாக்கத் துறை கணக்கிட்டது. அதில் கால்நடைக்கு மட்டும் 323 கோடி. அவர்களும் எங்களைப் போலத்தான் தூர மாநிலங்களிலிருந்து லாரியில் புல்கட்டு இறக்கினார்கள், பிறகு தாய்மாடுகளை ஏற்றி அனுப்பினார்கள். அளவுதான் வேறு.

தாய்மாடு போனால் கன்று இல்லை. கன்று இல்லையென்றால் ஓரிரு ஆண்டு கழித்து இறைச்சி ஆலைக்குப் போக மாடு இல்லை. டெக்சாஸின் பிளெயின்வியூ என்ற ஊரில் கார்கில் நிறுவனத்தின் ஆலை 2013 பிப்ரவரியில் மூடப்பட்டது. மாடு கிடைக்கவில்லை என்பதே காரணம். ஏறத்தாழ 2,000 பேருக்கு வேலை போனது. அவர்களில் பலருக்குச் சொந்தமாக ஒரு மாடுகூட இருந்திருக்காது.

2024 ஜனவரிக் கணக்கில் அமெரிக்காவில் மொத்தம் 8.72 கோடி மாடுகள். 1951க்குப் பிறகு அதுவரை அவ்வளவு குறைந்ததில்லை. அதற்கு முந்திய சில ஆண்டு வறட்சிக்கு அதில் பெரிய பங்கு. மாடு குறைந்ததால் விலை உச்சத்துக்குப் போனது. "அப்படியானால் பண்ணைக்காரருக்கு லாபம்தானே" என்று கேட்பீர்கள். மாடு வைத்திருந்தவருக்கு லாபம். விற்றுவிட்டவர் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தார்.

ஏப்ரல் 3

"பிறகு வாங்கிக்கொள்ளலாம்" என்பதற்கு இன்னொரு பதில். கன்றாகப் பிறந்த கிடாரி 15 மாதத்தில் சினையாகி, 24 மாதத்தில் ஈன்று, அந்தக் கன்றை 7 மாதத்தில் விற்றால் முதல் காசு. 31 மாதம். அதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால். மழைக்குப் பிறகு புல்லுக்கு ஓராண்டு ஓய்வும் கொடுத்தால் 3 ஆண்டைத் தாண்டும். வங்கித் தவணை அதுவரை மேய்ந்துகொண்டே இருக்கும், அதற்கு வறட்சி கிடையாது.

ஏப்ரல் 4

நாடோடியாக மேய்ப்பவர்களின் நிலை இன்னும் மோசம். 1970களின் எத்தியோப்பியப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென் காட்டியது இது: மேய்ப்பர்கள் பட்டினி கிடந்ததற்கு மாடு செத்தது மட்டும் காரணமில்லை, உயிரோடு இருந்த மாட்டுக்குக் கிடைத்த தானியம் சுருங்கிவிட்டது. மேய்ப்பவர் தன் மாட்டையே தின்று வாழ்வதில்லை. ஒரு மாட்டை விற்றுத் தானியம் வாங்குவார், தானியத்தில் அதே காசுக்குப் பசியாற்றும் சக்தி அதிகம். மாட்டு விலை விழுந்து தானிய விலை ஏறினால் இரண்டு பக்கமும் இடி.

2020 கடைசியிலிருந்து கென்யா, எத்தியோப்பியா, சோமாலியாவில் ஐந்து மழைப்பருவம் அடுத்தடுத்துப் பொய்த்தது. 90 லட்சத்துக்கும் மேல் கால்நடைகள் செத்தன. இங்கே ஒரு பருவம் தவறியதற்கே நான் இத்தனை பத்தி எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் 20

வரி பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்க்கிறேன். தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும் சிரிப்பு வரும் விஷயம்: பாதி மந்தையை விற்ற ஆண்டின் வருமானக் கணக்கை எடுத்துப் பார்த்தால், அதுதான் பண்ணையின் பொற்காலம்! கையில் அவ்வளவு பணம் அதற்கு முன்பு வந்ததே இல்லை. வரிக்காரர் கண்ணுக்கு நீங்கள் பணக்காரர்.

அமெரிக்காவில் இதற்காகவே சட்டத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வறட்சியால் வழக்கத்தைவிட அதிகமாக இனப்பெருக்க மாடுகளை விற்க நேர்ந்தால், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் அதேபோன்ற மாடு வாங்கினால் லாபத்துக்கான வரியைத் தள்ளிப்போடலாம். பொதுவாக 2 ஆண்டு, அரசு பேரிடர் பகுதியாக அறிவித்த இடங்களில் 4 ஆண்டு. வறட்சி நீண்டால் அதையும் நீட்டிப்பார்கள். 2 ஆண்டில் புல் திரும்பாது என்று சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

இன்னும் பழைய கதை 1934. அமெரிக்கச் சமவெளியில் புழுதிப் புயல் அடித்த காலம். அரசே தலைக்கு 14 முதல் 20 டாலர் கொடுத்து மாடு வாங்கியது. தொடக்கத்தில் வாங்கியவற்றில் பாதிக்கு மேல் மனிதர் தின்னத் தகுதியில்லாமல் அங்கேயே கொல்லப்பட்டன. தேறியவை ஏழைகளுக்கு உணவாகப் போயின. அந்த விலை குறைவுதான், ஆனால் வேறு யாரும் அதைக்கூடக் கொடுத்திருக்க மாட்டார்கள். தன் மாட்டைத் தன் கண்முன்னே சுடுவதற்குக் காசு வாங்கிக்கொண்ட ஆள் அன்று இரவு என்ன பேசியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஒன்றும் பேசியிருக்க மாட்டார்.

ஏப்ரல் 21

தீவன மாற்று கேட்டவர்களுக்கு, படித்ததில் இரண்டு. 1950களின் டெக்சாஸ் வறட்சியில் சப்பாத்திக்கள்ளியின் முள்ளை எரிவிளக்கால் பொசுக்கி மாட்டுக்குக் கொடுத்தார்கள். நெருப்பு பீறிடும் சத்தம் கேட்டாலே மாடுகள் ஓடிவருமாம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் முல்கா மரத்தை வெட்டிச் சாய்த்து இலையை மேயவிடுவார்கள். இன்னும் ஒரு வழக்கம் அங்கே: மந்தையைப் பொதுவழிகளில் ஓட்டிக்கொண்டே போய்ச் சாலையோரப் புல்லில் மாதக்கணக்கில் மேய்ப்பது. அந்த வழிகளுக்கு "நீண்ட மேய்ச்சல்காடு" என்று பெயரே உண்டு. மாட்டுக்குக் கால் இருக்கிறது என்று நீங்கள் சொன்னது அங்கே சரிதான்.

மே 1

காப்பீடு பற்றி. செத்த மாட்டை எண்ணிப் பணம் கொடுப்பது நடைமுறையில் கஷ்டம். பரந்த வெளியில் யார் போய் எண்ணுவது, எது வறட்சியில் செத்தது, எது நோயில் செத்தது? கென்யாவின் மார்சபிட் பகுதியில் 2010இல் வேறு மாதிரி தொடங்கினார்கள். செயற்கைக்கோள் படத்தில் நிலத்தின் பச்சை எவ்வளவு என்று பார்ப்பது. பச்சை ஓர் அளவுக்குக் கீழே போனால் எல்லோருக்கும் பணம், மாடு செத்ததா இல்லையா என்ற விசாரணை இல்லை. யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வானத்திலிருந்து பார்த்தால் மாடு தொடாத முட்புதரும் பச்சைதான். ஒருவர் காட்டில் புல் இருக்கும், பக்கத்துக்காட்டில் இருக்காது, இரண்டுக்கும் ஒரே தொகை.

மே 14

இப்போது நடப்புக்கு வருகிறேன். இந்த ஆண்டும் சரியில்லை. ஏப்ரல், மே இரண்டும் பொய்த்துவிட்டன. எங்களிடம் இப்போது 34 உருப்படி.

போன முறை செய்த தவறைச் செய்யக் கூடாது என்று தம்பியும் நானும் உட்கார்ந்து பேசினோம். தேதி குறித்துவிட்டோம். எங்கள் நிலத்தில் ஜூன் முடிவதற்குள் வளர்வதுதான் அந்த ஆண்டுப் புல்லில் பெரும்பங்கு. ஆகவே ஜூன் 30 வரை மழைமானியில் 150 மில்லிமீட்டர் சேராவிட்டால் 12 மாடு விற்பது. வரிசையும் எழுதிவிட்டோம்: முதலில் சினை பிடிக்காதவை, அடுத்து பல் தேய்ந்தவை, அடுத்து மடி கெட்டவை. எல்லாவற்றுக்கும் சினை பார்த்த பிறகே முடிவு. கன்றுகளை 7 மாதம் வரை விடாமல் 4 மாதத்திலேயே தாயிடமிருந்து பிரிப்பது. பால் சுரக்காத பசுவுக்குத் தீவனம் கணிசமாகக் குறையும்.

இங்கே எழுதி வைப்பது எதற்கென்றால், நான் பின்வாங்கினால் நீங்கள் கேட்க வேண்டும்.

ஜூன் 8

41 மில்லிமீட்டர். "மழை வந்துவிட்டதே, வாழ்த்துகள்" என்று மூன்று பேர். நன்றி. ஆனால் இதற்குப் பெயர் பச்சை வறட்சி. தூரத்திலிருந்து பார்த்தால் நிலம் பச்சைப் போர்வை. கிட்டப் போய் உட்கார்ந்தால் நகக்கண் உயரம். மாடு பச்சை வாசத்துக்கு மயங்கி, போட்ட வைக்கோலைத் தொடாமல் நாள் முழுக்க நடந்து நடந்து கொறிக்கும். கிடைக்கும் சக்தியைவிட நடக்கும் செலவு அதிகம்.

தம்பி ஒரு புல்தூரைப் பிடுங்கிக் காட்டினான். வேர் சுண்டுவிரல் நீளம். நல்ல காலத்தில் அதைக் கையால் பிடுங்கவே முடியாது. இலையில் பாதிக்கு மேல் மேய்ந்துவிட்டால் புல் வேர் வளர்ப்பதை நிறுத்திவிடும். வேர் இல்லாத புல்லுக்கு மழை பெய்தும் பயனில்லை. போன முறை 43 மாட்டை ஐந்து மாதம் நிறுத்தி வைத்ததில் நிலத்தின் வேரைத்தான் விற்றிருக்கிறோம் என்று இப்போது புரிகிறது. அதற்கு ரசீது இல்லை, அதனால் கணக்கில் வரவில்லை.

ஜூன் 9

ஏழாவது மாட்டைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன், மறந்தே போனேன். பிழைத்த பசு அது, எலும்பும் தோலுமாக. மழை பிடித்துக்கொண்டது, இரண்டு நாள் விடாமல் குளிர்காற்றோடு. கொட்டகைக்கு வராமல் வெளியே பச்சையைத் தேடி நின்றிருக்கிறது. உடம்பில் கொழுப்பே இல்லை, குளிரைத் தாங்க. காலையில் விறைத்துக் கிடந்தது.

இதையே ஒரு நாடளவு பெரிதாக்கினால் 2019 பிப்ரவரி, வடமேற்குக் குவீன்ஸ்லாந்து. பல ஆண்டு வறட்சியைக் கடன் வாங்கித் தாண்டி வந்தவர்கள். மழை வந்ததும் ஆனந்தக் கண்ணீர். நாள்கணக்கில் நிற்காமல் கொட்டி வெள்ளமானது, குளிர்காற்றும் சேர்ந்தது. ஏறத்தாழ 5 லட்சம் மாடுகள் போயின. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்.

மங்கோலியாவில் இது பழகிப்போன வரிசை. கோடையில் வறட்சி, கொழுப்பு ஏறாத கால்நடை, பின்னாலேயே கடுங்குளிர். 2009–10 குளிர்காலத்தில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேல் இறந்தன. வறட்சி ஒரு பருவத்தில் அடிக்கும், சாவு அடுத்த பருவத்தில் வரும்.

ஜூன் 22

ஒரு மாடு எலும்பைக் கடிக்கிறது. நீங்கள் சிரிக்கலாம், எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாஸ்பரஸ், புரதம் குறைந்தால் இப்படித்தான் செத்த பிராணியின் எலும்பைத் தேடிப் போகும். அந்த எலும்பில் பாட்டுலிசம் விஷம் இருந்தால் கால் செயலிழந்து படுத்துவிடும். இன்று மாலை முழுக்க நானும் தம்பியும் சாக்கோடு நிலத்தைச் சுற்றி எலும்பு பொறுக்கினோம். தாது உப்புக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 30

மழைமானி: 96.

ஜூலை 1

ஆமாம், பார்த்தேன். கேள்வி கேட்டவர் ஒரே வரியில் "எப்போது வண்டி?" என்று போட்டிருக்கிறார்.

ஜூலை 3

வானிலை அறிவிப்பில் அடுத்த வாரம் மழைக்கு வாய்ப்பு என்று இருக்கிறது. தம்பி "ஒரு வாரம் பார்ப்போமே" என்கிறான். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஜூலை 3, இரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு வெட்கமாக இருக்கிறது. "அடுத்த மாதம் பெய்யும்", "அடுத்த வாரம் பெய்யும்". மாதம் வாரமானதுதான் நாங்கள் கற்ற பாடம் போலிருக்கிறது.

பழைய நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். கடைசியில் விற்ற அந்த 17 மாட்டை முதல் மாதமே விற்றிருந்தால்? 17 மாடு, நாளுக்கு 10 கிலோ, 150 நாள். 25 டன்னுக்கு மேல் தீவனம் மிச்சம். கடன் வாங்கியே இருக்க வேண்டாம். விற்கப்போகும் மாட்டுக்கு 25 டன் போட்டு, அதன் விலை பாதியாகும்வரை காத்திருந்து விற்றிருக்கிறோம். அந்த 25 டன் மற்ற மாடுகளுக்குப் போயிருந்தால் எத்தனை பிழைத்திருக்கும் என்று கணக்குப் போடவில்லை, நோட்டை மூடிவிட்டேன்.

ஆகவே கேள்வி கேட்டவரே, மார்ச் மாதம் உங்கள்மேல் பாய்ந்ததில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். நீங்கள் சொன்னதில் "விற்றுவிட்டு" சரி. "வாங்கிக்கொள்ளலாம்" தவறு.

ஜூலை 6

விற்றோம். 12 இல்லை, 9.

விலை மோசமில்லை. இன்னும் எல்லோரும் விற்க ஆரம்பிக்கவில்லை. மாட்டின் மேல் சதையும் இருந்தது, விலா எலும்பில் கடைசி இரண்டு மூன்றுதான் தெரிந்தன.

வண்டி வந்ததும் நான் தீவன வாளியைத் தட்டினேன். அந்தச் சத்தத்துக்கு எப்போதும் வரும். இன்றும் வந்தன. வேறு மாதிரி ஏற்றத் தெரியவில்லை. மிச்சமிருக்கும் மாடுகளை மாலையில் கூப்பிட வாளியைத் தட்டப் பிடிக்கவில்லை, வாயால் கூப்பிட்டேன். வரவில்லை. கடைசியில் தட்டத்தான் வேண்டியிருந்தது.

ஜூலை 7

ஏன் 9 என்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். பட்டியலில் கடைசி மூன்றும் பல் தேய்ந்த கிழங்கள். ஆனால் குட்டை எது, விஷச்செடி எது, எந்த மேட்டுக்குப் பின்னால் கடைசிவரை புல் இருக்கும் என்று கிடாரிகளுக்குக் காட்டுவது அவைதான். வெளியிலிருந்து வாங்கிய மாட்டுக்கு அது தெரியாது. போன முறை வறட்சிக்குப் பிறகு வாங்கியதில் ஒன்று, வந்த நான்காம் நாளே நம் மாடுகள் முகர்ந்துகூடப் பார்க்காத செடியைத் தின்று செத்தது. "அதே எண்ணிக்கையை வாங்கிக்கொள்ளலாம்" என்பதற்கு இது மூன்றாவது பதில். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

தம்பி இதை ஒத்துக்கொள்ளவில்லை. "உனக்கு விற்க மனசில்லை, அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டாய்" என்கிறான். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

ஜூலை 15

வியாபாரி போன் செய்தார். விற்ற ஒன்பதில் ஒன்று 5 மாதச் சினையாம். எல்லாவற்றுக்கும் சினை பார்த்த பிறகே விற்க வேண்டும் என்று மே மாதம் இங்கே எழுதியது யார் என்று தேடிப் பார்க்க வேண்டாம். நான்தான். அது மட்டும் மூன்று ஆண்டாகப் பிடிக்கவில்லை, நிச்சயம் மலடு என்று நினைத்து மருத்துவரிடம் காட்டாமல் விட்டேன். வியாபாரி நல்ல மனிதர், நன்றி சொன்னார்.

ஜூலை 28

12 மில்லிமீட்டர். புழுதி அடங்கியது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 11

கொட்டகையில் இருக்கும் தீவனம் 25 மாட்டுக்கு அக்டோபர் கடைசிவரை வரும். 34 இருந்திருந்தால் செப்டம்பர் கடைசியிலேயே பின்சுவர் தெரிந்திருக்கும். குட்டை வேலி நிற்கிறது, தொட்டியில் தண்ணீர் இருக்கிறது. எலும்பு கடித்த மாடு இப்போது கடிப்பதில்லை.

கேள்வி கேட்டவர் இன்று கேட்டிருப்பது: "மழை வந்தால் அந்த ஒன்பதைத் திரும்ப வாங்குவீர்களா?"

இல்லை. இந்த ஆண்டுக் கன்றில் 4 கிடாரி நிறுத்தியிருக்கிறேன். பிரித்த முதல் மூன்று இரவு கத்தித் தீர்த்தன, இப்போது கிழம் ஒன்றின் பின்னாலேயே திரிகின்றன. எப்போது காசாகும் என்ற கணக்கு ஏப்ரல் 3 குறிப்பில் இருக்கிறது.